எங்களுக்கு மூல இல்ல ஸார்

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். நீங்கள் வடிவமைக்கும் அலுவலகங்களில் தயவுசெய்து பீன் பேக் போடாதீர்கள். அதில் உட்காருவது எளிது, எழுந்திருக்கத்தான் ஆள் துணை வேண்டும். ஒரு கம்பெனி மேலாளர் அதில் புதைந்துபோய், கைகொடுத்துத் தூக்க யாராவது வரும்வரை அங்கிருந்தபடியே போனில் அதிகாரம் செய்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே குறை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் இன்டீரியர் வேலையில் மும்பை முழுக்க அலைந்துவிட்டு இப்போது செம்பூரில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? என் மகன் வீட்டு சோபாவையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் என்று கேள்விப்பட்டதால் தமிழிலேயே எழுதுகிறேன். படிக்க வராதவர்கள் வருகிறவர்களைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அளவெடுப்பது, வரைவது, வெளிச்சக் கணக்குப் போடுவது எல்லாம் உங்கள் கணினிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப் போவதில்லை.

எனக்கு இந்தத் தொழிலில் முதல் முதலாளியாக வாய்த்தவர் ஒரு விசித்திரமான மனிதர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் டேப்பை வெளியே எடுக்க மாட்டார். "இங்கே யாருக்குமே பிடிக்காத நாற்காலி எது?" என்று கேட்பார். அதில் போய் உட்கார்ந்துகொள்வார். டீ வரும், சாப்பாட்டு நேரம் வரும், போகும், அவர் அசைய மாட்டார். ஒருமுறை அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். எழுந்ததும் அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், இந்த இடத்தில் காற்று வருவதே இல்லை, இங்கே உட்காரும் உங்கள் கணக்கர் மத்தியானத்தில் தப்புப் போட்டால் அவரைத் திட்டாதீர்கள் என்றார். கணக்கர் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

கண்ணும் காதும் ஏமாந்து போகும், உடம்பு ஏமாறாது என்பது அவர் கட்சி. நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, முழுசாகப் புரிந்தது ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்புதான். புரியவைத்தது செம்பூரில் நடந்த ஒரு கூத்து.

வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் மறுபடி அலுவலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் போன் செய்தால் பதில் சொல்லும் கம்பெனி ஒன்று மாட்டுங்காவில் இருந்தது. மொழிக்கு ஒரு கூட்டம். அதை டெஸ்க் என்பார்கள். தமிழ் டெஸ்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாராவி, ஆண்டாப் ஹில், தேவ்நார் பெண்கள். பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். தமிழ் வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள், பேசவிட்டால் எதிராளி உருகிவிடுவார். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களிலிருந்து பதறிப்போய் அழைப்பவர்களுக்கு, காப்பீடு கிடைக்குமா, எப்போது கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்வது அவர்கள் வேலை. தமிழ் பேசுவதற்குச் சம்பளம் தரும் இடம் மும்பையில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

அந்தப் பழைய அலுவலகம் பார்க்கச் சகிக்காது. தாழ்ந்த கூரை, எரிந்து எரிந்து அணையும் டியூப்லைட், ஆளை மறைக்கும் பழுப்புத் துணித் தடுப்புகள். புறாக்கூண்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கம்பெனியின் இளைய முதலாளி செம்பூரில் புதுக் கட்டடத்தில் ஒரு தளம் முழுவதையும் எடுத்து, வேலையை எங்களிடம் தந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. எங்கேயும் கோணம் என்பதே இருக்கக் கூடாது. சுவர் வளைய வேண்டும், மேஜை வட்டமாக இருக்க வேண்டும், தூண்கூட உருண்டையாகத் தெரிய வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதுபோல யோசனைகள் ஓடுமாம்.

ஓட விட்டோம். நாலு பேர் முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும் வட்ட மேஜைகள், எங்கு பார்த்தாலும் கண்ணாடி, தமிழ் டெஸ்க் பக்கத்துச் சுவரில் கோபுரமும் வாழை இலையும் டபரா காப்பியும் பெரிதாக வரைந்த ஓவியம். தளத்திலேயே நல்ல இடம், நடு ஜன்னல் ஓரம், தமிழ்ப் பெண்களுக்குக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே அப்போது மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. படமெடுத்து எல்லா இடத்திலும் போட்டோம். பாராட்டு குவிந்தது. நானும் அந்தப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ராகவன் போன் செய்தார். அந்தத் தளத்துக்கு அவர்தான் மேலாளர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், தங்கமான மனிதர், எதற்கெடுத்தாலும் பதறுவார். மற்ற டெஸ்க் எல்லாம் எப்படியோ ஓடுகிறதாம். தமிழ் டெஸ்க் மட்டும் சரிந்துகொண்டே போகிறதாம். பேச்சு நடுவில் அறுந்துபோகிறது, தப்பான தகவல் போகிறது, ஈரமே இல்லாமல் பேசுகிறார்கள் என்று அழைப்பவர்கள் புகார் செய்கிறார்கள். பெண்களுக்குத் தலைவலி, கழுத்துவலி, விடுப்பு. தலைமை அலுவலகத்துப் பிரதிபா மேடம் புனேயிலிருந்து நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் தமிழ் டெஸ்க்கை மூடிவிட்டு அந்த வேலையைச் சென்னைக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

அதிலும் ஜெபாவுக்கு எழுத்திலேயே எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது என்றார். இன்னொரு புகார் வந்தால் டெஸ்க் நின்றாலும் அவள் நிற்க முடியாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெபா தாராவிப் பெண், பழைய அலுவலகத்தில் அவளைப்போல் பேச ஆள் கிடையாது. காட்டுக் கத்தல் கத்துகிறவர்களை எல்லாம் மற்றவர்கள் அவளுக்குத்தான் மாற்றிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் அவளிடம் தன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். இப்போது என்னவென்றால், அழைப்பு நடக்கும்போதே எழுந்து எங்கேயோ போய்விடுகிறாளாம். ஹெட்செட்டுக்கு எட்டாத தூரம் போவதால் பாதி நேரம் லைன் அறுந்துவிடுகிறதாம். கேட்டால் பதில் சொல்வதில்லையாம்.

நான் போன அன்று ராகவன் தமிழ் டெஸ்க்கை மொத்தமாகக் கூட்டி உட்காரவைத்து, இவ்வளவு அழகான ஆபீஸில் உங்களுக்கு என்னதான் குறை, தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது என்றாள் ஒருத்தி. உண்மைதான், பாதிப் பேர் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு டிசம்பர் மாத லோக்கல் ரயிலில் வருகிறவர்கள் போலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மோனோரயிலில் போகிறவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ஜெபா எழுந்தாள்.

"எங்களுக்கு மூல இல்ல ஸார். மூல இல்லாம எப்பிடி வேல பாக்க?"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ராகவன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பக்கத்து டெஸ்க்காரர்கள் என்ன என்று கேட்க, எங்களுக்கு மூளையே இல்லை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ ஹிந்தியில் சொல்ல, தளம் முழுக்கச் சிரிப்பு பரவியது. சிரிக்காதவள் ஜெபா ஒருத்திதான். எதற்குச் சிரிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை நான் என் முதல் முதலாளியைப் போல வெறுங்கையோடு போனேன். ஜெபாவின் மேஜையில் ஒரு பெண் விடுப்பு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் ஹெட்செட்டையும் சும்மா மாட்டிக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நாற்காலி சுகமாக இருந்தது. மற்ற எதுவுமே சுகமாக இல்லை. தலையை நிமிர்த்தினால் எதிரில் இருப்பவள் கண். குனிந்தால் கண்ணாடி மேஜையில் என் முகவாய். எதிரில் ஒருத்தி யாருக்கோ நல்ல செய்தி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒருத்தி கணவனை இழந்த பெண்மணிக்கு ஆறுதல் சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் அந்தப் போனுக்குள் போய்விடக் கூடாதே என்று அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாள். வளைந்த சுவர் சத்தத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கொட்டியது. ஒரு வேலையும் செய்யாத எனக்கே மத்தியானத்துக்குள் தலை வலித்தது.

அப்போது ஜெபாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஓர் ஆண் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவள் இரண்டு வார்த்தை பேசினாள், எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தாள், எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தளத்தைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, தீப்பிடித்தால் இறங்குவதற்கு வைத்திருக்கும் படிக்கட்டுக்குப் போனாள். அந்தக் கட்டடத்தில் எங்கள் கை படாத இடம் அது ஒன்றுதான். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில், நெற்றி இடிக்கிற மாதிரி நெருங்கி நின்று, மெல்லிய குரலில் பேசினாள். நல்லவேளை, அன்று லைன் அறுந்துபோகவில்லை.

அவளைக் கூப்பிடத்தான் போனேன். ஆனால் கால் தானாகவே நின்று, தானாகவே ஒதுங்கியது. பார்வையும் தானாகத் தரைக்குப் போய்விட்டது. ஏன் ஒதுங்கினேன் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒதுங்கி நின்ற பிறகுதான், இது எங்கேயோ பழகிய காரியமாயிற்றே என்று உறைத்தது.

நான் வளர்ந்தது ஆண்டாப் ஹில்லில், ஒரே அறை வீட்டில். அந்த அறையில்தான் சமையல், படிப்பு, ஜெபம், சண்டை, தூக்கம் எல்லாம். தனி அறை கிடையாதே தவிர தனிமை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டால் அந்த ஆள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். அக்கா அப்படி உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாள். அண்ணன் அப்படித் திரும்பி நின்று, இப்போது என் அண்ணியாக இருக்கிற பெண்ணோடு மணிக்கணக்காகப் போனில் பேசுவான். அடுப்பில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தை கேட்காது. கேட்காதா என்ன, நன்றாகக் கேட்கும். ஆனாலும் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம். கதவைத் தட்டி யாராவது அவனைக் கேட்டால்கூட, "மூலைக்குப் போயிருக்கான், அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவோம். வந்தவரும் எட்டிப் பார்க்காமல் போய்விடுவார். ஆண்டாப் ஹில்லிலும் தாராவியிலும் எந்த வீட்டிலும் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஜெபா பேசி முடித்துத் திரும்பியபோது என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவளை நிறுத்தினேன்.

"நேத்து நீ சொன்ன மூல இந்த மூலயா புள்ள?"

"பின்ன என்ன மூலன்னு நெனச்சீய?"

நான் என் நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினேன். கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டவள், ஆண்டாப் ஹில்லில் எந்தச் சால், எந்த ஒற்றை அறை வீட்டு வரிசை என்று விசாரித்துவிட்டு யக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவள் சரியாகத்தான் சொன்னாள். மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ளகரம் வராது. 'பள்ளிக்கூடம்' பல்லிக்கூடமாகிவிடும், 'கிளி' கிலியாகிவிடும். அதனால் அவர்கள் எதைச் சொன்னாலும் நாம் மனசுக்குள் ஒரு ளகரம் போட்டுத் திருத்திக் கேட்டுக்கொள்வோம். எங்களுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஜெபாவுக்கோ அவள் வீட்டுப் பேச்சில் லகரம் ளகரம் எல்லாம் கல்லில் வெட்டினாற்போல இருக்கும். சரியாகச் சொன்ன சொல்லைத் திருத்திக் கேட்டுவிட்டுச் சிரித்தோம். ராகவனிடம் போய்ச் சொன்னேன். அவர் மூலை, மூளை, மூலை, மூளை என்று நாக்கை மடித்தும் மடிக்காமலும் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அட ராமா. லகரமா அது? நான் என்னமா சிரிச்சேன், பாவம் அந்தப் பொண்ணு என்ன நெனச்சுண்டிருக்கும்!"

உடனே எழுந்து போய் ஜெபாவிடம் நேரிலேயே வருத்தம் தெரிவித்தார். அதுதான் ராகவன்.

ஆனால் அவர் இன்னொரு காரியம் செய்து வைத்திருந்தார். நல்லெண்ணத்தில்தான். பிரதிபா மேடம் வருவதற்குள் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று கண்ணாடி டெலிபோன் கூண்டுகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். சத்தம் வராது, பார்க்கவும் அழகு. மேடம் வருவது அடுத்த நாள் காலை. கூண்டுகள் அன்று மாலை வந்துவிடும். வண்டி கிளம்பலாமா என்று கேட்டு அந்தக் கடைக்காரர் போனில் காத்திருந்தார். நீங்களே சொல்லுங்கள் மேடம் என்று ராகவன் போனை என் பக்கம் நீட்டினார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம் தொழில் இருக்கிறது. வாடிக்கையாளர் பதறிக்கொண்டு நிற்பார், கையில் விலையுயர்ந்த பளபளப்பான தீர்வு ஒன்று தயாராக இருக்கும், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. தப்பாகப் போனாலும் நம்மை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஜெபாவை நிறுத்திப் பார்த்தேன். மீன் தொட்டியில் நின்று அழுகிற ஆளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இருந்தது. சத்தம் கேட்காது, சரி. தளம் முழுக்கப் பார்க்குமே! தவிர, கனமான அழைப்பு வரும்போதெல்லாம் எழுந்து வரிசையில் நின்றா பேச முடியும்? மூலை என்பது உட்கார்ந்த இடத்திலேயே, திரும்பினால் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராகவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அப்படியானால் காலைக்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வட்ட மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் எங்கள் தச்சர் கணபத் மிஸ்திரி. என்னோடு பல வருடம் வேலை செய்தவர், மராத்திக்காரர். மூலா வேண்டும், எல்லாருக்கும் ஒரு மூலா வேண்டும் என்று பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஹிந்தியில் கலந்து சொன்னதை அவர் வெகு நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ஆபீஸில் இத்தனை பேருக்கு முள்ளங்கி எதற்கு என்றார். மராத்தியில் 'முளா' என்றால் முள்ளங்கி. மாட்டுங்காவில் மூளை, தாராவியில் மூலை, கணபத்துக்கு முள்ளங்கி. சிரித்துச் சிரித்து எனக்கு இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது. அவருக்குப் புரியவைக்க, மேஜையில் விரலால் ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டினேன். இதோ, இது மாதிரி இரண்டு கோடு சேருகிற இடம் என்றேன்.

போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி போட்டால் நாலு மூலை.

பழைய அலுவலகத்துப் பழுப்புத் தடுப்புகள் கீழ்த்தளத்தில் கிடந்தன. பழைய சாமான்காரர் வந்து எடுக்காததால் தப்பித்தவை. பெண்களே போய்த் தூக்கி வந்தார்கள். கணபத் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒவ்வொரு மேஜையிலும் நிறுத்தினார். ஏசிக் காற்றின் திசையையும் மாற்றினோம். பளபளக்கும் தளத்தின் நடுவில் புறாக்கூண்டு திரும்பி வந்துவிட்டது. ராகவன் அதைப் பார்த்துவிட்டு நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு மேஜையை மட்டும் அப்படியே விட்டோம். ஸ்டெல்லா என்று ஒரு பெண், எனக்கு எல்லார் முகமும் பார்த்தால்தான் பேச்சே வரும், என்னை மூலையில் தள்ளாதீர்கள் என்றாள். அவளும் சொல்வது சரிதான். எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கக் கிளம்பித்தானே முதலில் மாட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலை பிரதிபா மேடம் வந்தார். கண்டிப்பான முகம், அதிகம் பேசாதவர். பழுப்புத் தடுப்புகளைப் பார்த்ததும் நின்றார். படத்தில் இது இல்லையே என்றார். ராகவன் என்னைப் பார்த்தார். வேலை நடப்பதைப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். ஜெபாவுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றோம். அன்றைக்கு அவளுக்கு ஒரு புகார் வந்தால் எல்லாம் முடிந்தது.

வந்தது ஒரு மகா கத்தல். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை, காப்பீட்டு அனுமதி இன்னும் வரவில்லை, நீங்கள் எல்லாம் மனிதர்களா என்று ஆரம்பித்தார். ஹெட்செட்டைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. பிரதிபா மேடத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கத்தல் எந்த மொழியிலும் புரியுமே. ஜெபா நாற்காலியைத் திருப்பினாள். இரண்டு தடுப்பும் சேருகிற இடத்துக்குத் தலையைக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்த, இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். ஒங்களுக்குப் பின்னால நர்ஸம்மா ஒங்க பேரத்தான் கூப்புடுதாவ. போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன், எங்கயும் போவ மாட்டேன்."

கத்தல் பட்டென்று நின்றது. அந்த ஆள் தன் சத்தத்தில் தன் பெயரையே கேட்காமல் நின்றிருக்கிறார். ஆயிரம் மைல் தள்ளி மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது கேட்டிருக்கிறது. லைனில் வெறும் ஆஸ்பத்திரிச் சத்தம். ஜெபா அசையவில்லை. அவர் திரும்பி வந்தபோது அழுதுகொண்டே சிரித்தார். அனுமதி முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்துவிட்டதாம், அறுவையும் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், மனைவி கண் விழித்து அவரைத் தேடுகிறாளாம். தங்கச்சி தங்கச்சி என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

ராகவன் தாழ்ந்த குரலில் நடந்ததை ஹிந்தியில் சொன்னார். பிரதிபா மேடம் ஜெபாவிடம் பேச ஓர் அடி முன்னால் வைத்தார். அவள் இன்னும் திரும்பவில்லை. மூலையைப் பார்த்தபடி, தோள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சட்டென்று மேடத்தின் கையைப் பிடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய அதிகாரியின் கையைப் பிடித்திருக்கக் கூடாதுதான். அவள் இப்போது இல்லை மேடம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

இதோ இருக்கிறாளே என்றார். மூலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி, அது என்ன என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பழுப்புத் தடுப்பைப் பார்த்தார், ஸ்டெல்லா மேஜையில் காலியாக இருந்த நாற்காலியில் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டார். புனேயிலிருந்து ஒரு டெஸ்க்கை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வந்தவர், தாராவிப் பெண் ஒருத்தி மூலையிலிருந்து வீடு திரும்புவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று.

ஜெபா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, சொல்லுங்க மேடம் என்றாள். பிரதிபா மேடம் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ராகவனிடம் திரும்பி, ஹிந்தி டெஸ்க்குக்கும் இந்த மூலா கிடைக்குமா என்றுதான் கேட்டார். ராகவன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், கிடைக்கும் மேடம், எல்லோருக்கும் மூளை தரலாம் என்று அழுத்தமாக நாக்கை மடித்தே சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அந்தக் கம்பெனிக்கு நாம் எத்தனையோ இடங்களில் வேலை செய்துவிட்டோம். இப்போது தடுப்புகள் நல்ல துணியில், நல்ல நிறத்தில் வருகின்றன. உங்கள் வரைபடங்களில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் 'மூலா' என்று எழுதியிருப்பது ஏன் என்று உங்களில் ஒருத்தி கேட்டாளாம். இதுதான் காரணம். கணபத் மட்டும் இன்னமும் அதை முள்ளங்கி என்றுதான் சொல்கிறார். நீங்கள் ஓர் அலுவலகத்தை வரைவதற்கு முன் உங்களுக்குப் பிடித்த கண்ணாடியையும் ஓவியத்தையும் தாராளமாக வையுங்கள். அதோடு, மனசு கனக்கும்போது இங்கே இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதையும் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். பீன் பேக் பற்றி நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது மேலே ஏறிப் பார்த்தேன். இப்போது தமிழ் டெஸ்க்குக்குத் தலைவி ஜெபாதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் மிரட்சியோடு நின்றுகொண்டிருந்தாள். ஜெபா அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தடுப்பின் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னாள்.

"இந்தா, இது ஒன் மூல. பத்திரமாப் பாத்துக்கோ."

எந்த மூல என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளைக் கூப்பிடாமல், ஓசைப்படாமல் ஒதுங்கி வந்துவிட்டேன்.